கடுகுத் தலையணை விஷயமாகச் சம்பந்திக்கு

மண்ணூர் சம்பந்தி எல்லப்பன் அவர்களுக்கு, வல்லத்திலிருந்து முனிரத்தினம் கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம், பேத்தியின் தலையைத் தவிர. அங்கே சௌக்கியமா என்பது நீங்கள் போனை எடுத்தால்தானே தெரியும்? எனக்கு எழுத்து வராது. சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உங்கள் மகள் பிரவீனா. இதில் காட்டமாக இருப்பதெல்லாம் என்னுடையது. மரியாதையாக இருப்பது அவள் சேர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக்கொண்டு வந்து தாயையும் பிள்ளையையும் மண்ணூருக்கே கூட்டிப்போகப் போவதாகச் சொல்லியனுப்பினீர்களாம். வர வேண்டாம். பாப்பா இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை?

நடந்ததைக் கேளுங்கள். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்சம்மா மெர்சி பாப்பாவின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒரே பக்கமா பாத்துகினு படுக்குதா? பின்னாடி வலது பக்கம் தட்டையா கீது பாரு" என்றது. டாக்டரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, இறுக்கம் இல்லை, மண்டை இளசு, சரியாகிவிடும் என்றார். தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வேண்டும், முகத்தை மட்டும் பக்கம் மாற்றிவிட வேண்டும், முழித்திருக்கையில் குப்புறப் போட்டு நாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அடிக்கடி தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், தலையணை ஆகவே ஆகாது, மூச்சு முட்டும் என்றும் சொன்னார். தலை உருண்டையாக வரட்டும் என்று நீங்கள் தைத்தனுப்பிய கடுகுத் தலையணை அப்போது என் கையில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகள் அதைப் பிரித்துக் கடுகை அஞ்சறைப்பெட்டியில் கொட்டிவிட்டாள். உங்கள் பாசத்தைத்தான் தினமும் தாளித்துச் சாப்பிடுகிறோம். அதற்குப் போய், "எங்க வூட்டு கடுகு உங்க வூட்டு ரசத்துக்கா?" என்று போனை வைத்தீர்களே! இவர்கள் கல்யாண ரிசப்ஷனில் இரண்டாம் பந்திக்கு வடை வரவில்லை என்று நீங்கள் பச்சைச் சட்டையோடு முறைத்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்கவில்லை. அதே கோபம்.

பிறகு என் மகன் டில்லிபாபு, கம்பெனியில் லைன் பார்க்கிறவன் இல்லையா, கட்டில் மேல் அட்டை ஒட்டினான்: ஏ ஷிப்ட் இடப்பக்கம், பி ஷிப்ட் வலப்பக்கம். பாப்பா எல்லா ஷிப்டும் வலப்பக்கமே பார்த்தது. "ஸ்டிரைக் பண்ணுதுப்பா" என்றான். ஜன்னலை மூடினோம், லைட்டை மாற்றினோம், ஃபேனைச் சந்தேகப்பட்டோம். தலையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போடலாம் என்று மகனும் மருமகளும் சொன்னார்கள், அது வடக்கு, என் பேத்தியை வடக்கே தலை வைக்க விடுவேனா, அதனால் கட்டிலையே சுவரிலிருந்து இழுத்து ஹால் நடுவில் போட்டோம், ஷிப்ட் முடிந்து வந்த டில்லிபாபு முழங்காலை இடித்துக்கொண்டு கத்தினான், பாப்பா அதற்கும் வலப்பக்கமே பார்த்தது.

கடைசியில் பிரவீனாதான், "மாமா, நீங்க எந்திரிச்சு அந்தாண்ட போங்க" என்றாள். போனேன். பாப்பாவின் தலை மெதுவாக என் பின்னாலேயே வந்தது.

சம்பந்தி, அது ஜன்னலையும் பார்க்கவில்லை, ஃபேனையும் பார்க்கவில்லை. பாப்பா பிறந்ததிலிருந்து, கட்டில் எங்கே நகர்ந்தாலும், அதன் வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். இந்த முகத்தை யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்ததில்லை. இது தலை தட்டையாகிற வரைக்கும் பார்த்திருக்கிறது. (இந்த இடத்தில் உங்கள் மகள் பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். அதையும் எழுது என்றேன்.)

இப்போது இடப்பக்கம் உட்காருகிறேன். தலை நிரம்பி வருகிறது என்று நர்சம்மா சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் வர வேண்டிய அவசியமே இல்லை. டில்லிபாபுவின் கம்பெனி பஸ் மண்ணூர் வழியாகப் போவதால் இதை அதில் கொடுத்தனுப்புகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் கும்பிடு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
முனிரத்தினம் (கைநாட்டு)

பின்குறிப்பு: இப்போது இடப்பக்கமே பார்க்கிறது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டுமாம். சுற்றிச் சுற்றி வர என் முட்டி ஒத்துழைக்கவில்லை. ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே வாருங்கள். கார் வேண்டாம், துணிமணி போதும். வலப்பக்கம் நாற்காலி போட்டாயிற்று. தலையணை உங்களுக்கு மட்டும் கொண்டுவாருங்கள்.