பஞ்சுவின் வயிறும் பண்டிகை ஏலமும்

மைக்கில் சொல்லக்கூடாத சொற்கள் என்று சில உண்டு. அவற்றில் முதல் சொல்லை நான் சொல்லியிருக்கிறேன். அதுவும் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையன்று, பாஸ்டர் பக்கத்தில் நிற்க, பாடகர் குழுவின் வெள்ளைச் சேலையோடு, பாறசாலை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். குரல் என்னுடையதுதானா என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திப் பழகிய குரல் அல்லவா!

எல்லாம் பஞ்சுவின் வயிற்றால் வந்த வினை.

பஞ்சு எங்கள் வீட்டு நாய். (எங்கள் பக்கத்தில் பட்டி என்போம்.) வெள்ளை முடி, தேங்காய் அளவு தலை, உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத அதிகாரம். என் மகள் ஷைனி ஆசையாக வாங்கி வளர்த்தது. நர்ஸ் வேலை கிடைத்து அயர்லாந்து போகிற அன்று விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அழுகைக்கு நடுவில் அவள் சொன்னது ஒரே வார்த்தை: “அம்மா, பஞ்சுவப் பாத்துக்கோ.” என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் ஒரு சொல்? மூச்!

அவள் போன கொஞ்ச நாளில் பஞ்சுவுக்கு வயிற்றுக் கோளாறு தொடங்கியது. ஒரு வாரம் நன்றாக இருப்பான். அடுத்த வாரம் முற்றம், வாசல்படி, புதிதாக வாங்கிய மிதியடி எல்லாம் நாசம். சரியாகிவிட்டது என்று நான் ஸ்தோத்திரம் சொல்லி வாயை மூடுவதற்குள் மறுபடியும் ஆரம்பிக்கும். எங்கள் வீட்டுப் பேச்சே மாறிப்போனது. என் வீட்டுக்காரர் தங்கராஜ் ரிட்டயரான கண்டக்டர். காலையில் அவர் பஞ்சுவோடு தோட்டத்திலிருந்து திரும்பும்போது நான் அடுக்களையிலிருந்து கேட்பேன்: “எப்பிடி?” அவர் “கட்டி” என்பார், அல்லது “தண்ணி” என்பார். டிக்கெட் கிழிக்கிற சுருக்கம். கட்டி என்றால் அன்றைக்கு வீட்டில் நல்ல மீன்குழம்பு. தண்ணி என்றால் அவருக்கும் ரசம்தான்.

ஷைனியோ தினமும் வீடியோவில் வருவாள். “அம்மா, மூஞ்சியக் காட்டாத. அவன் போனதக் காட்டு” என்பாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்திருக்கும் அவள் கூட்டுக்காரிகள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போவது எனக்கே தெரியும்.

பாறசாலையில் ஒரு மலையாளி டாக்டரம்மா இருந்தார். மிருக வைத்தியத்தில் கெட்டிக்காரி. “சின்ன சரீரமாணு டீச்சரே” என்று ஆரம்பித்து அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: இவ்வளவு சின்ன உடம்பில் இப்படி அடிக்கடி நீர் வற்றினால் தாங்காது. பொரித்தது, இனிப்பு, உப்பு, மசாலா எதுவுமே கூடாது. எண்ணெய் போய்க் கணையம் வீங்கிவிட்டால் பிறகு தன் கையில் ஒன்றுமில்லை. குழைந்த சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழியும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

நான் விடுவேனா? வீட்டையே பட்டாளமாக்கிவிட்டேன். பஞ்சுவுக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு, தனி நேரம். மேசையிலிருந்து ஒரு பருக்கை கீழே விழுந்தால் தங்கராஜுக்கு விசாரணை. பஞ்சு அந்த உப்பில்லாக் கஞ்சியை முகர்ந்து பார்ப்பான், என்னைப் பார்ப்பான், மறுபடியும் கஞ்சியைப் பார்ப்பான். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நக்குவான். (அந்தப் பெருமூச்சு என் மாமியாருடையது.) சாப்பிட்டானதும் கேட்டுக்கு அடியில் நுழைந்து ரோட்டுக்குப் போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவான். பாவம், அதற்காவது போகட்டும் என்று விட்டிருந்தேன்.

இத்தனை செய்தும் வயிறு நிற்கவில்லை. ஒரு நாள் குளிப்பாட்டும்போது நனைந்த முடிக்குள்ளே என் விரலில் எலும்பு எலும்பாகத் தட்டியது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். கிறிஸ்துமஸுக்கு வர ஷைனி டிக்கெட் எடுத்துவிட்டாள். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அவள் கூப்பிடப் போவது பஞ்சுவைத்தான். அவன் ஓடி வராவிட்டால் நான் என்ன சொல்வேன்?

டாக்டரம்மாவும் பார்த்தார். “புழுவா, வேறெதுவுமா என்று பார்க்கணும். ஞாயிற்றுக்கிழமை உச்சைக்கு, மத்தியானத்துக்கு முன்னால் புதிதாகப் போனதில் கொஞ்சம் எடுத்து என் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். அது கழிந்தால் நான் ஊரில் இல்லை” என்றார்.

அந்த ஞாயிறுதான் அறுப்பின் பண்டிகை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தோட்டத்தில் விளைந்தது எங்கள் சபைக் கோயிலுக்கு வரும். வாழைக்குலை, சேனை, மரச்சீனிக் கிழங்கு, இளநீர், கால் கட்டிய கோழி எல்லாம் வரும். பாஸ்டர் ஜெபித்ததும் வெளியே முற்றத்தில் ஏலம். அதில் ‘பொதி’ என்று ஒரு அயிட்டம் உண்டு. உள்ளே என்ன என்று சொல்லாமல் பளபளக்கிற தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். எந்த வீட்டுப் பொதி என்பது மட்டும்தான் தெரியும். எடுத்தவர் எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும். இதில் என் பொதிக்கு ஊரில் ஒரு மவுசு. வருஷா வருஷம் தங்கத் தாளில் சுற்றி நான் கொடுப்பது என் கையால் செய்த பிளம் கேக். அதற்காக அடிபிடியே நடக்கும். அந்த வருஷம் பஞ்சுவின் கவலையில் நான் கேக்கே செய்யவில்லை.

காலையில் தங்கராஜ் தோட்டத்திலிருந்து பஞ்சுவின் சாம்பிளோடு வந்தார். அதை டப்பாவில் மூடி, சுற்றிலும் ஐஸ் வைத்து, ஒரு அட்டைப் பெட்டிக்குள் இறக்கினேன். ஆராதனை முடிந்து நேரே டாக்டர் வீட்டுக்கு ஓட வேண்டும். ஆனால் எங்கள் சபையில் ஒருத்தர் கையில் பெட்டி இருந்தால் “டீச்சரே, என்னவாக்கும் அது?” என்று கேட்காமல் விட மாட்டார்கள். சிலர் திறந்தே பார்ப்பார்கள். அதனால் கௌரவமாக ஒரு தாளில் சுற்றலாம் என்று நினைத்தேன். வீட்டில் இருந்தது தங்கத் தாள்தான். ரிப்பனும் கட்டினேன்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு அன்று விளங்கவில்லை. பி.எட். படித்தவளாக்கும் நான்!

பெட்டியைத் தங்கராஜ் மடியில் வைத்து, “கைய எடுக்காண்டாம், கேட்டியளா” என்று சொல்லிவிட்டுப் பாடகர் குழுவில் போய் உட்கார்ந்தேன். பிரசங்கம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால், முன்னால் காணிக்கை மேசையில், ஒரு பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் என் தங்கப் பெட்டி! கோயில்குட்டி தாசன் (எங்கள் சபையில் மணி அடிக்கிறவர்) பெஞ்சு பெஞ்சாகப் பொருள்களை வாங்கி வந்திருக்கிறார். “டீச்சருக்க பொதியா அண்ணே?” என்று கேட்க, தூக்கத்திலிருந்த தங்கராஜ் தலையாட்டியிருக்கிறார். அந்த மனுஷனுக்குப் பிரசங்கம் என்றால் தாலாட்டு.

நான் எழும்புவதற்குள் பாஸ்டர் மேசைக்கு மேல் கைகளை விரித்துவிட்டார். “கர்த்தாவே, உமது பிள்ளைகள் அன்போடு கொண்டுவந்த இந்த முதற்பலன்களை ஏற்றுக்கொள்ளும்!” எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். வேறு என்ன செய்ய?

கடைசிப் பாட்டை யார் பாடினார்கள், நான் என்ன பாடினேன், எனக்குத் தெரியாது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் ஏலம் தொடங்கிவிட்டது. சபை செக்ரட்டரி டென்னிசன் என் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். “நம்ம டீச்சருக்க பொதி! நல்ல கனம் உண்டு! இந்த வருஷம் பெரிசாக்கும்!”

பாடகர் குழுத் தலைவர் ஜாஸ்பர் ஒரு விலை கேட்டார். எங்கள் எதிர்வீட்டுக் கிருஷ்ணன்குட்டி அண்ணன் அதற்கு மேல் கேட்டார். அண்ணன் காலையில் செங்கல் ஊர்ச் சிவன் கோயிலில் தொழுதுவிட்டு, நெற்றிச் சந்தனம் காய்வதற்குள் எங்கள் ஏலத்துக்கு வந்துவிடுவார். ஏலம் ஏறிக்கொண்டே போனது. நான் “டென்னிசா, டென்னிசா” என்று கூப்பிட, நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து அவன் இன்னும் ஏற்றினான். கடைசியில் அண்ணனுக்கே விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே ரிப்பனைப் பிடித்து இழுத்தார். “இஞ்ச வச்சே முறிச்சு எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு குடுப்போம்!”

அவ்வளவுதான். மேடையில் ஏறினேன், மைக்கைப் பிடுங்கினேன்.

“அண்ணா, தொறக்காண்டாம்! அது கேக்கு இல்ல! எனக்க பட்டிக்க மலமாக்கும்!”

முற்றம் அப்படியே அடங்கிவிட்டது. அந்தச் சேவல் மட்டும் ஏதோ சொன்னது. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று நின்றேன்.

கிருஷ்ணன்குட்டி அண்ணன் பெட்டியைத் தூக்கி எறியவில்லை. இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார். முகம் வாடியிருந்தது.

“டீச்சரே, பஞ்சுவுக்கு இன்னும் சொகமாவல்லியா?”

“இல்லண்ணா. டாக்டரு பரிசோதிக்கக் கேட்டதாக்கும் அது. எலும்பும் தோலுமா ஆயிட்டான். ஷைனி வாறதுக்குள்ள...” மைக்கைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அது ரோடு வரைக்கும் கேட்டது.

“அது எப்பிடி? பிள்ள போன ஏக்கத்துல பட்டி மெலிஞ்சு போச்சேன்னு நான் தெனமும் பொரிச்ச மீன்ல ஒரு துண்டு குடுக்குகேனே!” என்றார் அண்ணன்.

“நீங்களுமா?” என்றார் கோயில்குட்டி தாசன். “காலையில மணி அடிக்க வரும்போ எனக்க கூடவே வரும். சங்கடமா இருக்கும். புரோட்டாவப் பிய்ச்சு, சால்னாவுல முக்கிக் குடுப்பேன்.”

டென்னிசன் தலையைச் சொறிந்தான். “எங்க வீட்ல பழம்பொரி மட்டுந்தான் டீச்சரே.”

பாஸ்டர் இருமினார். “பிஸ்கட்... கிரீம் வச்சது.”

கூட்டத்தில் கை கையாக உயர்ந்தது. என் கண் தங்கராஜிடம் போய் நின்றது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “சாயாவுல முக்கின ரஸ்க்கு தீனிக் கணக்குல வருமா?”

நான் பத்தியம் போடப் போட அவன் மெலிகிறான். மெலிந்த முகத்தைக் கண்டு ஊர் இரங்குகிறது. ஊர் இரங்க இரங்க வயிறு போகிறது. காற்று வாங்கப் போனான் என்று நான் நினைத்தேன். அவனோ பாஸ்டரைப் போல வீடு வீடாகச் சந்திப்பு ஊழியம் செய்துகொண்டிருந்தான்!

வந்ததே எனக்குக் கோபம். அழுகை அப்படியே நின்றுவிட்டது. “எலே டென்னிசா, நீ எனக்க கிளாஸ்ல படிச்சவந்தானே, உனக்கு மூளை உண்டா?” என்று தொடங்கி, கைநீட்டியவர் ஒருவரையும் விடாமல் வாங்குவாங்கென்று வாங்கினேன். “உங்க பாசத்துல எனக்க பஞ்சு செத்துப்போவான்! பாவம் தோணிச்சுன்னா தடவிக் குடுங்க! தின்ன ஒண்ணும் குடுக்காண்டாம்!” பாஸ்டரும் சேர்ந்து தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மனதுக்குள்ளே எனக்கு அவர்கள் எல்லாரையும் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்லவில்லை.

கிருஷ்ணன்குட்டி அண்ணன் ஏலப் பணத்தைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பெட்டியையும் தரவில்லை. “ஏலத்துல எடுத்தது எனக்க பொருளாக்கும். நானே டாக்டர்ட்ட குடுப்பேன்” என்று ஸ்கூட்டரில் முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுப் புழு இல்லை என்றார். ஊரார் கொடுத்ததையெல்லாம் நான் சொல்லச் சொல்லக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “இத்தனையும் தின்றுவிட்டா உயிரோடு இருக்கிறான்? இனி பிழைத்துக்கொள்வான்” என்றார்.

பிழைத்துக்கொண்டான். காலையில் தன் சுற்றுப் பயணத்தை அவன் விடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தடவல் மட்டும் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த ஷைனி காரிலிருந்து இறங்குவதற்குள் பாய்ந்து மடியில் ஏறினான். அவள் முதலில் அவன் விலாவைத்தான் தடவிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். எனக்கு அது போதும்.

போன மழைக்காலத்தில் எனக்கே வயிறு போய்விட்டது. ஷைனி வீடியோவில் சட்டம் போட்டாள்: குழைந்த கஞ்சி, வேகவைத்த கோழி, வேறொன்றும் கூடாது. தங்கராஜுக்கு அப்படியொரு சந்தோஷம், காவல் ஏட்டு மாதிரி நின்றார். கிருஷ்ணன்குட்டி அண்ணன் வீட்டு அக்கா உண்ணியப்பம் சுடுகிற மணம் ரோடு தாண்டி வந்தது. “அக்கா, ஒண்ணே ஒண்ணு” என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினேன். “ஐயோ டீச்சரே, பிள்ள போன் பண்ணிச் சொல்லியிருக்கா, தரப்புடாது” என்று கதவைச் சாத்தினார்.

நான் படுக்கையில் கஞ்சியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பஞ்சு வந்து எட்டிக் கிண்ணத்தை முகர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் வாயில் ஒரு உண்ணியப்பத்தோடு வந்தான். கிடைத்ததா, திருடியதா என்று தெரியாது. கடிக்காமல் கொண்டுவந்து என் கையருகே வைத்து, மூக்கால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, காவலுக்கு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

தங்கராஜ் வந்து பார்க்கும்போது என் கை காலி. கண் நிறையத் தண்ணீர். நான் அதைத் தின்றேனா இல்லையா என்பது எங்கள் வீட்டில் இன்றைக்கும் தீராத வழக்கு. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் ஷைனி பைபிள் மேல் கை வைக்கச் சொல்லிக் கேட்கிறாள். நான் வாய் திறப்பதில்லை. அவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.