ஒற்றைக்காலில் நின்று சுறாவைக் கட்டினேன்

மந்திரவாதி எவ்வளவு அவஸ்தைப்படுகிறானோ அவ்வளவுக்கு மந்திரம் பலிக்கும் என்று ஒருகாலத்தில் மனதார நம்பினேன். (சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மீசைகூட ஒழுங்காக வரவில்லை.)

எழுபதுகளின் கடைசி. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் நானும் மைக்கேலும் குமாஸ்தாக்கள். கப்பல் வேலைக்குப் போன அவன் அப்பா, எந்த நாட்டிலிருந்தோ ஒரு விளையாட்டுப் புத்தகமும் இருபது முகம் உள்ள பகடையும் கொண்டுவந்து போட்டிருந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு வேஷம். "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நடுவர், மைக்கேலின் தங்கை ஸ்டெல்லா. புத்தகத்தை முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். வெளிநாட்டுப் பூதமெல்லாம் நமக்கெதற்கு என்று கதையை நம்மூர் முத்துக்குளிப்புக்கு மாற்றியவளும் அவளே.

மைக்கேல் முத்துக்குளிப்பவன். நான் கடல்கட்டி; ஆட்கள் மூழ்கும்போது கரையில் நின்று மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவன். என்னை நம்பி விளையாட்டில் மைக்கேல் போட்ட இரண்டு வேஷங்கள் ஏற்கெனவே சுறா வயிற்றுக்குள் போயிருந்தன. இப்போது அவன் போட்டிருந்த வேஷம் அந்தோணி, மூன்று மாதம் வளர்த்த ஆள்.

"ஏலே, இவனையும் நீ காவு குடுத்தேன்னு வையி, இனி வெளையாட்டும் கிடையாது, ஒன் சங்காத்தமும் கிடையாது" என்றான் மைக்கேல்.

பெரிய சடங்கு ஒன்று உருவாக்குவதாக அறிவித்தேன். ஸ்டெல்லா சட்டம் போட்டாள்: "ஒரு விரதத்துக்குப் பகடையில ஒரு புள்ளி கூட. ஆனா விரதத்த நீங்களே இங்கன நின்னு செஞ்சு காட்டணும்."

ஒரு வாரம் ஆபீஸ் தாளில் எழுதி எழுதிக் கிழித்தேன். காலையிலிருந்து பட்டினி. ஈர வேட்டி. ஒற்றைக்கால். வாய் நிறையக் கடல்தண்ணீர். அந்தோணி கரையேறும்வரை துப்பவும் கூடாது, விழுங்கவும் கூடாது. மணப்பாட்டிலிருந்து இராமேஸ்வரம்வரை ஒரு சுறா கொட்டாவிகூட விட முடியாது! புத்தகம் எழுதிய வெள்ளைக்காரனுக்கே இப்படியொரு சடங்கு தோன்றியிருக்காது. அந்தக் கர்வம் இன்னும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர்கள் வீட்டுக் கூடத்தில், அந்தோணி கடலில் குதித்தான். நான் காலைத் தூக்கினேன். ஸ்டெல்லா பகடையை உருட்டினாள். மூன்றாவது முழுக்கில் வாசல் கதவு திறந்தது. லீவில் வந்திருந்த அவர்கள் அப்பா, கையில் மக்ரூன் பொட்டலத்தோடு.

"ஏளா, யாரு இது? ஈரத்தோட ஒத்தக்கால்ல நிக்கான்?"

"அண்ணன்கூட வேலை பாக்காங்கப்பா."

"பேரென்ன தம்பி?"

கன்னம் இரண்டும் உப்பியபடி பார்த்தேன். தண்ணீர் தொண்டைப் பக்கம் நழுவியது. மைக்கேல், துப்பினால் கொன்றுவிடுவேன் என்று கண்ணாலேயே சொன்னான்.

"ஊமையா?"

"இப்ப பேச மாட்டாங்கப்பா" என்றாள் ஸ்டெல்லா, பகடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஐயோ பாவம். ஆளு லெட்சணமாத்தான் இருக்கான்." பெரியவருக்கு மனசு இளகிவிட்டது. ஒரு மக்ரூனை எடுத்து என் உதட்டில் வைத்து அழுத்தினார். "வாயத் தொற, ராசா."

முந்திரி வாசனை. காலையிலிருந்து பட்டினி. கால் நடுங்குகிறது, வேட்டி நழுவுகிறது, மூக்கு வழியாக உப்புத்தண்ணீர் எட்டிப் பார்க்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். பொலபொலவென்று கண்ணீர். (நன்றிக் கண்ணீர் என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.)

"அந்தோணி கரையேறிட்டான்" என்றாள் ஸ்டெல்லா.

ஜன்னலுக்கு ஓடித் துப்பிவிட்டுத் திரும்பினேன். "வணக்கம் மாமா. என் பேரு ஞானராஜ்."

பொட்டலம் கீழே விழுந்தது. "ஆண்டவரே! ஏளா, ஊமைக்குப் பேச்சு வந்துட்டு!"

இரண்டு வருஷம் கழித்து அவர் என் மாமனார் ஆனார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஒரே மக்ரூனில் ஊமையைப் பேசவைத்த அற்புதத்தைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார். நானும் விடுவதில்லை. "அது கிடக்கட்டும். அன்னிக்கு ஒரு சுறா வாயைத் திறந்துச்சா? கேளுங்க ஒங்க அம்மாகிட்ட!"

"திறக்கலை" என்று ஸ்டெல்லாவும் இத்தனை வருஷமாக ஒப்புக்கொண்டுதான் வந்தாள். போன கிறிஸ்துமஸில்தான் மீதியைச் சொன்னாள். அந்தோணி குதித்தபோதே, சுறா இருக்கிறதா என்பதற்கும் ஒரு பகடை உருட்டிவிட்டாளாம். அன்றைக்கு அந்தக் கடலில் சுறாவே இல்லை.