பெரியதாழைக் கிழங்கு

செங்காந்தளின் கடைசி இலையும் உதிர்ந்தபோது, யாராவது பார்க்கிறார்களா என்று ஆதிலக்ஷ்மி மொட்டைமாடியைச் சுற்றிப் பார்த்தாள். கைப்பிடிச்சுவரில் ஒரு காகம் மட்டும் இருந்தது. அதன் முகத்தைப் பார்க்கவும் கூசி, இலையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

தன் செடியாக இருந்தால் இவ்வளவு கூச்சம் இருக்காது. போன வருஷம் கண்காட்சியில் பேர் தெரியாமல் வாங்கிய ஏதோ கிழங்கு, பூக்காமலே காய்ந்தது. தொட்டியோடு தெருமுக்கில் வைத்துவிட்டு அன்றே மறந்துபோனாள். இந்தக் காந்தள் பக்கத்து வீட்டு ஜெபகனி டீச்சருடையது. மகள் பிரசவத்துக்காகக் கணவரோடு பெங்களூர் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனது.

"ஏளா ஆதி, பெரியதாழையில எங்கப்பா வீட்டுக் கிழங்கு இது. கைராசிக்காரி உங்கிட்டதான் நம்பி விட்டுட்டுப் போறேன்."

கைராசி என்ற பேரை ஆதிலக்ஷ்மி வெளியில் மறுப்பாள். உள்ளுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். உப்புக் காற்றிலும் அவள் மாடியில் பூத்துக் குலுங்கிய அரளியும் காகிதப்பூவும் யார் வைத்தாலும் வரும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தை முடிந்து இலை மஞ்சளானபோது இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினாள். இன்னும் மஞ்சளானது. போர் தண்ணீரின் உப்பு என்று எண்ணி, குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றினாள்.

"நமக்குக் குழாய்த் தண்ணி, காந்தளுக்குக் கேன் தண்ணியா?" என்றார் அவள் கணவர் சுதர்சனம்.

"டீச்சர் நம்பிக் கொடுத்தது."

"என்னையும் எங்கம்மா நம்பித்தான் உங்கிட்ட கொடுத்தா."

வழிந்த தண்ணீரில் தொட்டியின் பச்சைப் பெயிண்ட் உரிந்து, அடியில் வெள்ளைக் கோடுகள் எட்டிப் பார்த்தன. அந்தப் பழியும் தன்மேல் விழுமே என்று புதிதாகப் பச்சை வாங்கி வந்தாள். தன் தொட்டிகளுக்கெல்லாம் வெள்ளைக் கோலம் போடுகிற அதே பிரஷ்ஷால் அடித்து மூடினாள்.

கொடி நார் போலக் காய்ந்து சாய்ந்தது. அன்றைக்குப் பார்த்து டீச்சரிடமிருந்து செய்தி வந்தது: 'காந்தள் எப்படி இருக்கு? ஒரு போட்டோ போடேன்.'

ஆதிலக்ஷ்மிக்கு அழுகை வந்தது. அழும்போதே, இந்த அழுகை செடிக்காக இல்லை, தன் பேருக்காகத்தான் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனாள்.

சிவப்புத் துணிப்பூ வாங்கி இதழ்களைக் கீறினாள். அடியில் சமையல் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். பாகற்கொடி ஒன்றைப் பிடுங்கித் தொட்டியில் நட்டு, பூக்களைக் கட்டி, தள்ளி நின்று படம் எடுத்து அனுப்பினாள்.

உடனே போன் அடித்தது.

"ஏளா! சித்திரை வெயில்லயா பூத்திருக்கு?"

"ஆமா டீச்சர். ஏன்?"

"காந்தள் தைக்குப் பொறவு காஞ்சிரும்லா? தண்ணி ஊத்தாம நெழல்ல போட்டா கிழங்கு பாட்டுக்குத் தூங்கும். ஐப்பசி மழைக்குத் தானா எந்திரிக்கும். இதச் சொல்ல மறந்துட்டேனேன்னு பதறிக்கிட்டுக் கெடந்தேன். நீ என்னடான்னா பூக்கவே வச்சிட்ட!"

ஆதிலக்ஷ்மி தொட்டியைக் கிளறினாள். கிழங்கு கூழாகி விரலில் ஒட்டியது. சும்மா இருந்திருந்தால் போதும். சும்மா இருக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழம வாரோம். சர்ச் குரூப்புல போட்டோவப் போட்டேன், எல்லாவளும் பாக்கணும்ங்கிறாளுவ," என்றாள் டீச்சர் போனில்.

ஞாயிறு மாலை, சர்ச்சில் பூசைக்குப் போன சேலையை மாற்றாமல் பத்துப் பெண்கள் மாடியேறினார்கள். கடல்காற்று பலமாக அடித்தது. ஜெபகனி டீச்சர் தொட்டியை நெருங்குவதற்குள் ஒரு காந்தள் கழன்று, அரளியைத் தாண்டிப் பறந்து, ஒரு பெண்ணின் கொண்டையில் போய் மாட்டிக்கொண்டது.

"ஏளா, இது துணில்லா!" என்றாள் அவள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி இலையைக் கிள்ளி முகர்ந்து, "பாகக்கா கொழம்பு வைக்கலாம்," என்றாள்.

ஆதிலக்ஷ்மிக்குக் காது மடல்கள் எரிந்தன. "நான்தான் டீச்சர் கொன்னுட்டேன். தண்ணி ஊத்தி ஊத்தி அழுக வச்சேன். அப்புறம் பொய் சொன்னேன். உங்கப்பா வீட்டு ஞாபகத்தையே அழிச்சுட்டேன்."

சிரிப்பு நின்றது. டீச்சர் திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் பாரம் குறையும் என்றுகூட இருந்தது. ஆனால் டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. சேலை நுனியைத் திருகிக்கொண்டு, "சரி விடு ஆதி. போவட்டும். கீழ போவமா?" என்றாள் அவசரமாக.

அந்தப் பெருந்தன்மை ஆதிலக்ஷ்மியை இன்னும் சிறுக்க வைத்தது. "எப்படி டீச்சர் விடறது? பெரியதாழைக்கே போய், உங்கப்பா வீட்டுத் தோட்டத்துல வேற கிழங்கு இருக்கான்னு நானே தேடி எடுத்துண்டு வரேன்." கண்ணீர் வழிந்தது.

"வேண்டாம்ளா! அங்க எதுக்குப் போவணும்?" டீச்சரின் குரல் கீச்சிட்டது.

அதுவரை படிக்கட்டில் மூச்சுவாங்க நின்றிருந்த டீச்சரின் கணவர் செல்வதுரை தொண்டையைச் செருமினார்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் டீச்சர்.

"அந்தப் புள்ள அழுகுதுல்லா, எப்படிச் சும்மா இருக்க?" என்றபடி அவர் ஆதிலக்ஷ்மியிடம் திரும்பினார். "பெரியதாழையாவது ஒண்ணாவது! போன வருசம் செத்துப்போச்சுன்னு நீங்க தெருமுக்குல வச்ச தொட்டிம்மா இது. ஒங்க கோலம் தெரியக்கூடாதுன்னு இவ சொல்லித்தான் நான் பச்ச அடிச்சேன்."