துண்டு மனு

எத்தனையோ பேர் அரசாங்கத்துக்கு மனு எழுதியிருப்பார்கள். மனுவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தவர் இந்த உலகத்திலேயே எங்கள் துண்டுக்காரர் ஒருவர்தான்.

புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் நான் தபால் பிரிவு எழுத்தர். அவர் அரிமளம் பக்கத்து விவசாயி. அவர் ஊர்க் குடிநீர் ஊரணியில் கடைத்தெருச் சாக்கடை கலந்து நாறியது. ஊரே கேன் தண்ணீருக்கு மாறிவிட, இவர் மட்டும் கேனைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டு, உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைக் குடித்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார்.

ஊரணியைச் சீரமைக்க உத்தரவு வந்தது. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை, யாரும் கொடுக்காமலே இவர் எடுத்துக்கொண்டார். மாதம் ஒரு புது வெள்ளைத் துண்டு. ஊரணிக்குள் கால் வைப்பது வழக்கமில்லை என்பதால், வாளியில் மொண்டு, கரைக்கு வெளியே வைத்துத் துண்டை ஊறப்போடுவார். காய்ந்ததும் திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்துவிடும்.

"ஐயா, மனு காகிதத்துல இருக்கணும்."

"காகிதத்துல எழுதுனா, 'நடவடிக்கை எடுக்கப்பட்டது'ன்னு காகிதம் வருது தம்பி. இதுக்கு அப்புடிப் பதில் போட முடியுமா? மோந்து பாருங்க."

முகர்ந்தேன். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. துண்டின் ஓரத்தில் சீல் குத்தி, எண் போட்டுக் கோப்பில் வைத்தேன். ஆறே மாதத்தில் கோப்பு தலையணை மாதிரி உப்பிவிட்டது. எங்கள் கண்காணிப்பாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த மனுசனுக்கு வேற வேலையே இல்லையாய்யா?" என்பார்.

அங்கே தூர் வாரினார்கள், கம்பிவேலி போட்டார்கள், வண்ணப் பலகை வைத்தார்கள். சாக்கடைக் குழாயை மட்டும் மறந்துவிட்டார்கள். நிறைவு விழாவுக்குக் கோப்போடு நானும் போயிருந்தேன். பெரிய அதிகாரிக்கு வெள்ளைத் துண்டு போர்த்தியதுதான் தாமதம், நம்மவர் எழுந்துவிட்டார்.

"ஐயா, அந்தத் துண்டக் கொஞ்சம் குடுங்க. வாளி இங்கிட்டுத்தான் இருக்கு."

அதிகாரி சிரித்துக்கொண்டே கொடுத்தார். வாழ்த்துரைகள் முடிவதற்குள் துண்டு பச்சையும் கறுப்புமாக வெளியே வந்தது. மனுஷனைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

அதிகாரி துண்டை வாங்கி முகர்ந்தார். "கொழாய் எங்க இருக்குங்கய்யா? வாங்க, காட்டுங்க" என்று மேடையை விட்டு இறங்கி நடந்தார்.

சாக்கடை வேறு பக்கம் திருப்பிவிடப்பட்டது. நம்மவர் அதற்கும் அசரவில்லை, மாதாமாதம் வந்தார். மழைக்கு மழை துண்டுகள் வெளுத்தன. போன வருஷம் ஒருநாள், கடையில் வாங்கிய மாதிரியே வெள்ளையாக ஒரு துண்டை நீட்டினார். முகர்ந்தேன். வெயில் வாசனை மட்டும்தான்.

"அம்புட்டுத்தான் தம்பி. நேத்து ஊரணித் தண்ணியக் காச்சிக் குடிச்சேன். இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு இல்ல. வாரேன்."

விதிப்படி அதற்கும் சீல் குத்தியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. கோப்பை மூடிவிட்டோம். ஆனாலும் திங்கட்கிழமையானால் மேஜையில் ஓர் ஓரத்தைக் காலியாக வைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறேன். ஒரு மனுவும் இல்லாமல், சும்மாவாவது ஒரு நடை வந்துபோகலாம் அந்த மனுஷன்.