ஊசி விற்க மறுத்த வேண்டாமுங்கக்கா

விற்பதற்கென்று ஒரு கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, விற்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிற ஒரே ஜீவன் இந்த உலகத்தில் துடியலூர் வேண்டாமுங்கக்காதான். இதை நான் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. வயிறு எரிந்து சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பேக்கரிக்கு எதிரே அவருடைய ஃபேன்ஸி ஸ்டோர் இருக்கிறது. ஜாக்கெட் ஊக்கு, லைனிங் துணி, ஜரிகை, உல்லன் நூல், குரோஷா ஊசி எல்லாம் கிடைக்கும். கிடைக்கும் என்றால் அலமாரியில் இருக்கும் என்று அர்த்தம். நம் கைக்கு வரும் என்று அர்த்தமில்லை. எதைக் கேட்டாலும் அக்கா வாயிலிருந்து முதலில் வருவது "வேண்டாமுங்க" என்பதுதான். போர்டில் கடைக்கு ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை.

முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாலாவது பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம். அக்காவோ குரலில் தேன் தடவி, ஒரு வார்த்தைக்கு ஒரு 'ங்க' போட்டுச் சொல்வார். ஒரு மனிதனை அத்தனை மரியாதையாகக் கடையைவிட்டு அனுப்ப முடியும் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நான் எதற்கு அந்தக் கடைக்குப் போனேன் என்று கேட்பீர்கள். சிகரெட்டை விட்டேன். விட்டேன் என்றால், நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர் விடவைத்தார். "வாயைவிட கைதான் தேடும். கைக்கு ஏதாவது வேலை கொடுங்க" என்றார். என் மனைவி சுமதி, "குரோஷா பின்னுங்க. பாத்துப் பாத்துப் போடணும், வேற நெனப்பே வராது" என்றாள். முனையில் சின்னக் கொக்கி வைத்த ஒரே ஒரு ஊசி, கொஞ்சம் நூல், அவ்வளவுதான் வேண்டும் என்றாள்.

அவ்வளவுதானா? நான் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். பேரிங்கும் காப்பர் வயரும் வாங்கியே தலை நரைத்தவன். மலிவாக வாங்கினால் மறுபடி வாங்க வேண்டிவரும் என்று சப்ளையர்களுக்கே வகுப்பெடுப்பவன். இரண்டு நாள் வீடியோ பார்த்து முடிவெடுத்தேன். மெத்தென்ற ரப்பர் கைப்பிடி வைத்த, ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு நிறமாக, ஜிப் வைத்த பைக்குள் வரிசையாகப் படுத்திருக்கும் செட்தான் சரி. விலை குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிட்ட பில் அளவுக்கு வந்தது. பரவாயில்லை, தரம் முக்கியம்.

அக்கா கடை அலமாரியில் அதே செட் இருந்தது. கேட்டேன்.

"வேண்டாமுங்க" என்றார் அக்கா.

நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"கேட்டுச்சுங்க தம்பி. எத்தன வருசமா பின்றீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கலீங்க."

"ஊட்டுல அம்மணிக்குங்களா?"

"எனக்குத்தானுங்க. சிகரெட்ட உட்டுட்டேன். கைக்கு வேல வேணும்னு டாக்டர் சொன்னாரு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு டப்பாவைத் திறந்து, சாதாரண அலுமினிய ஊசி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு டீயும் பன்னும் சாப்பிடுகிற காசுகூட ஆகாது.

"இது போதுமுங்க. அத வாங்கீட்டுப் போனீங்கன்னா பீரோவுல வெச்சுப்போடுவீங்க."

என் தொழிலில் என்னிடம் இப்படிப் பேசியவர்கள் மறுபடி ஆர்டர் வாங்கியதில்லை. ஆனால் அங்கே நான்தான் கையேந்தி நின்றேன். தரத்தைப் பற்றி நீளமாகப் பேசினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு அலுமினிய ஊசியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

சரி, மலிவு விலைப் பொருளுக்காக வாதாடுகிற பெண்மணி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பினால், சரவணம்பட்டிப் பக்கம் ஒரு காலேஜில் படிக்கிற பெண் வந்து நின்றாள். பிளாஸ்டிக் ஊசி கேட்டாள். இருப்பதிலேயே விலை குறைந்தது அதுதான்.

"வேண்டாமுங்க கண்ணு. அதுல ஓரத்துல பிசிறு இருக்கும். நூலு மாட்டும். உனக்குத்தான் பின்ன வரலீன்னு நெனச்சு உட்டுப்போடுவ."

ஆக விலை அதிகமும் கூடாது, குறைவும் கூடாது. கொள்கை என்று ஒன்று இருந்தால் எதிர்த்துப் பேசலாம். அக்காவுக்குக் கொள்கையே கிடையாது.

இன்னொரு நாள் நூல் வாங்கப் போயிருந்தபோது, மில் குடும்பத்து அம்மா ஒருவர் காரில் வந்து இறங்கினார். அமெரிக்காவிலிருக்கும் மருமகளுக்குப் பரிசாக, இருப்பதிலேயே விலையுயர்ந்த செட் வேண்டுமாம்.

"மருமக பின்னுவாங்களா அம்மணி?"

"தெரியலீங்க. ஆசைப்படுவான்னு நெனைக்கறேன்."

"அப்ப வேண்டாமுங்க. ஒரு நல்ல சேலையா எடுத்துக் குடுங்க."

அந்த அம்மா முகம் சிவந்து காரில் ஏறிப் போனார். அடுத்த வாரமே, நான் அங்கே நிற்கும்போது, செல்போனோடு திரும்பி வந்தார். மருமகள் பின்னிய கம்பளிப் போர்வையின் படம். கட்டில் முழுக்கப் பூப்பூவாக, பார்க்கக் கண் கொள்ளவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மாட்டினார் அக்கா என்று நினைத்தேன்.

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அருமையாப் பின்றாங்களே" என்றார். பிறகு, "இத்தன நல்லாப் பின்றவங்ககிட்ட ஏற்கெனவே ஊசி இருக்குமுங்க. வேண்டாமுங்க" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? ஆன்லைனில் அந்த செட்டை வாங்கினேன். வந்தது. பார்க்க அப்படி ஒரு அழகு. ஆனால் நான் ஊசியைப் பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கிறவன். அந்தக் குண்டுக் கைப்பிடி என் விரலுக்குள் நிற்காமல் உருண்டது. கூரான முனை நூலை இரண்டாகப் பிளந்தது. நாலு நாள் போராடிவிட்டு உள்ளே வைத்தேன். வைத்த பிறகுதான் கவனித்தேன், பீரோவில் வைத்திருக்கிறேன். பரணில் வைத்திருக்கலாம், கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கலாம். அந்த அக்கா சொன்ன பீரோவிலேயே வைத்திருக்கிறேனே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அலுமினிய ஊசியில் வேலை நன்றாகத்தான் ஓடியது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வெள்ளை நூலில் பின்னினால் ஊசியின் அலுமினியப் பொடி ஒட்டிச் சாம்பல் நிறக் கறை விழுந்தது. இதற்காகத்தான் காத்திருந்தேன். குறையுள்ள சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுவது எனக்குக் கைவந்த கலை. கறையைக் காட்டினேன்.

"வெள்ள நூலு எங்கீங்க வாங்குனீங்க? நான் குடுத்திருக்க மாட்டனே" என்றார் அக்கா.

"டவுனுல ஒரு கடையில வாங்குனனுங்க."

"அதான பாத்தேன்."

என் புகார் அதோடு தள்ளுபடி ஆனது.

செல்போன் உறை, ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போக மப்ளர், சுமதி ஆமை என்று நம்ப மறுத்த ஓர் ஆமை என்று நாட்கள் ஓடின. கை ஓயாமல் பின்னியது. சிகரெட் நினைப்பு குறைந்துகொண்டே வந்தது. அதற்குப் பதிலாகக் கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்தது. மெல்லிய ஊசியை அழுத்தி அழுத்திப் பிடித்து விரலில் பள்ளமே விழுந்துவிட்டது. இதற்கிடையே அலுமினிய ஊசியும் வளைந்துவிட, அதே மாதிரி இன்னொன்று வாங்கப் போனேன்.

"வேண்டாமுங்க" என்றார் அக்கா. என் விரலைத் திருப்பிப் பார்த்தார். அலமாரியிலிருந்த அந்த விலையுயர்ந்த செட்டை எடுத்து, ஜிப்பைத் திறந்து, ஒரே ஒரு ரப்பர் கைப்பிடி ஊசியை மட்டும் உருவி என் கையில் கொடுத்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அன்னைக்கு இதையேதான கேட்டனுங்க? தரமாட்டேன்னீங்களே."

"அன்னைக்கு உங்களுக்கு வலி இல்லீங்களே."

"செட்டப் பிரிச்சுப்போட்டீங்க. மிச்சத்த யாருங்க வாங்குவாங்க?"

"செட்டா எதுக்குங்க வாங்கோணும்? உங்களுக்கு எத்தன கையிங்க?"

முழு செட்டே என் வீட்டு பீரோவில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? காசைக் கொடுத்தேன். குண்டுக் கைப்பிடியை எப்படிப் பிடிப்பது என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று, "கொஞ்சம் பின்னிக் காட்டுங்கக்கா" என்று ஊசியை நீட்டினேன்.

"எனக்குப் பின்னத் தெரியாதுங்க" என்றார்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஒரு சங்கிலித் தையல்கூடப் போட்டதில்லையாம். கையில் ஊசி பிடித்ததே எடுத்துக் கொடுப்பதற்காகத்தானாம். இந்த அம்மாவுக்குப் பயந்துதான் வட கோவையே ஊசி வாங்கிக்கொண்டிருக்கிறது.

"பொறகு எப்படீங்க இது வேணும், அது வேண்டாம்ங்கறீங்க?"

"வாங்கீட்டுப் போறவங்க திரும்பி வந்து திட்டுவாங்கல்லீங்க. அதக் கேட்டுக்குவேன்."

அன்றைக்கு அந்தக் கடைப் பக்கம் இனித் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். படுத்திருக்கவும் மாட்டேன். ஆனால் அடுத்த மாதமே ஆபீஸில் ஒரு சம்பவம். நான் வாங்கிய வார்ப்பிரும்புப் பாகங்கள் ஒரு லோடு முழுவதும் விரிசல் விட்டிருந்தது. சப்ளையர் செய்த தப்புக்கு, என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் முன்னால் என்னை நிற்கவைத்து முதலாளி பேசினார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வண்டி தானாக அந்தப் பேக்கரியில் நின்றது. டீ சொன்னேன். கூடவே ஒரு சிகரெட்டும் சொன்னேன்.

பற்றவைக்கவில்லை. விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்க் கடையிலிருந்து அக்கா, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, செருப்புகூடப் போடாமல் சந்தின் குறுக்கே வந்தார். என்னிடம் பேசவில்லை. பேக்கரிக்காரரிடம் பேசினார்.

"ஏனுங்க, இவருக்கு டீ மட்டும் குடுங்க. அதத் திருப்பி எடுத்துக்குங்க."

பேக்கரிக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் என் விரலுக்கிடையிலிருந்த சிகரெட்டை உருவிப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். லட்சக்கணக்கில் ஆர்டருக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான். கல்யாண வயதில் பெண் இருக்கிறாள்.

"அக்கா, இது உங்க கடையில்லீங்க" என்றேன்.

"தெரியுமுங்க. என்ர கடையா இருந்தா டீயும் குடுத்திருக்க மாட்டனுங்க."

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் கடை வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். "சித்தெ இருங்க, வாரேன்" என்று அங்கிருந்தபடியே சொன்னார். என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்கவே இல்லை. டீ ஆறிய பிறகு, "ஊசி எங்கீங்க?" என்றார். பைக்குள் இருக்கிறது என்றேன். "எடுங்க" என்றார்.

பேக்கரியில் பஃப்ஸ் தின்கிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க, மீசை வைத்த ஒரு ஆள் உட்கார்ந்து பச்சை நூலில் பின்னினேன். சிகரெட் நினைப்பு போகும்வரை பின்னினேன். அதன் பிறகுதான் அக்கா எழுந்து போய், காத்திருந்த இரண்டு பேரிடமும் "வேண்டாமுங்க" சொல்லி அனுப்பினார்.

இப்போது அக்கா கடையில் இல்லை. முழங்கால் ஆபரேஷனுக்காக ஈரோட்டில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கடையை அவருடைய வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். அமைதியான மனிதர். கேட்டதை எடுத்துக் கொடுக்கிறார், காசை வாங்கிக்கொள்கிறார், சிரிக்கிறார். போன வாரம் போனபோது லைட் எரியும் ஊசி ஒன்றை எடுத்துக் காட்டினார். கைப்பிடிக்குள் பேட்டரி, முனையில் வெளிச்சம்.

"புதுசா வந்துருக்குதுங்க. நல்லா ஓடுது. போட்டுத் தரட்டுங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ இல்லாதப்பத்தானுங்க யாவாரம் நல்லாருக்குது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். கேட்டதைக் கேட்டபடி எடுத்து நீட்டுவதற்கா ஒரு கடை? யாருக்கு, எதற்கு, எந்த விரல் வலிக்கிறது என்று ஒரு பேச்சுக்காவது கேட்க வேண்டாமா? ஊசியை அப்படியே திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவின் முழங்காலுக்கு ஒரு உறை பின்னலாம் என்றிருக்கிறேன். எந்த நூலில் போடுவது என்று கேட்கத்தான் ஆளில்லை.