அல் கோரில் ஒரு ரோமாபுரி

தட்டில் இருந்த தோசையைச் சீதாராமன் இரண்டு முறை பிய்த்துப் பார்த்தார். பிய்யவில்லை. சின்னவள் மஹதியின் விளையாட்டுச் சாமானில் இருந்து வந்த பிளாஸ்டிக் தோசை அது.

"என்னடா இது?"

"எலகாபலஸ்பா. பதினாலு வயசுல ரோமுக்குச் சக்கரவர்த்தி. தண்டச்சோறு விருந்தாளிங்களுக்கு மரத்துல செஞ்ச சாப்பாடுதான் வைப்பானாம்," என்றான் பதினாறு வயது ரிஷி. "ஸ்கூல் ப்ராஜெக்ட்பா. மூணு நாள் வீட்டுக்கு நான்தான் சக்கரவர்த்தி. நாப்பது மார்க்."

மார்க் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், சீதாராமனுக்கு மூளை லீவில் போய்விடும். கத்தாரில், அல் கோரை அடுத்த ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் இருநூறு பேரை விரட்டி வேலை வாங்கும் இன்ஜினியர், மீசை முளைக்காத பயலுக்குச் சலாம் போட்டார்.

"பொடிப்பயலுங்க கையில ராஜ்ஜியத்தைக் குடுத்தா எந்த ஊர் உருப்படும்? புத்தி கெட்ட ஜனங்க!" என்று மட்டும் முனகினார்.

மறுநாள் மகனிடம் குழைந்தார். "ராஜான்னா மந்திரி வேணுமேடா. நான் இருக்கேன்."

"நீரோவுக்கும் ஒருத்தர் இருந்தார்பா. கடைசியில அவரைச் சாகச் சொல்லிட்டான். நீங்க போனை மட்டும் குடுங்க, போதும்."

போன் போயிற்று. மனைவி சந்திரகலாவிடம் முறையிட்டார். அவளை ரிஷி ஏற்கெனவே தன் செனட் சபையில் சேர்த்திருந்தான்.

"எலகாபலஸும் அவங்கம்மாவை செனட்ல உக்கார வெச்சானாம். நல்ல புள்ளை!" என்று சொல்லி அவள் கையைத் தூக்கினாள். தீர்மானம் நிறைவேறியது. பாத்திரம் தேய்க்கும் பொறுப்பு சீதாராமனுக்கு.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மேனேஜர் ராஜீவ் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். சீதாராமனின் ப்ரமோஷன் அவர் கையெழுத்தில் இருக்கிறது. தள்ளிப்போடலாமென்றால் கையில் போன் இல்லை.

படுக்கை விரிப்பை ரோமானிய அங்கி மாதிரி போர்த்திக்கொண்டு சக்கரவர்த்தியே பரிமாறினார். ராஜீவ் வடையை நறுக்கென்று கடித்தார். அதுவும் பிளாஸ்டிக்.

"வீட்டையே மேனேஜ் பண்ணத் தெரியல, உங்களுக்கு ப்ரமோஷன் ஒரு கேடா?" என்று தாடையைப் பிடித்தபடி கிளம்பிவிட்டார்.

இவ்வளவு பட்டாயிற்று, மார்க்காவது முழுசாக வரட்டும் என்று சீதாராமன் ரிஷியிடமிருந்து போனைப் பிடுங்கி வகுப்பு டீச்சர் நஜீஹாவை அழைத்தார்.

"மேடம், ரிஷியோட ரோம் ப்ராஜெக்டுக்கு நாப்பதுக்கு நாப்பது போட்டுடுங்க. அதுக்காக நான் வேலையில பெரிய நஷ்டமே பட்டிருக்கேன்."



"ரோமா? 'ஹிஸ்டரி சோறு போடுமா?'ன்னு போன வருஷம் ஸ்கூலுக்கே வந்து சண்டை போட்டு, அழுதுட்டிருந்த பையனை பயாலஜிக்கு மாத்தினது நீங்கதானே சார்?"