தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

பலெர்மோ,
18.11.1997

என்றும் என் செபத்தில் இருக்கும் சின்னண்ணைக்குத் தங்கை யோசப்பின் எழுதிக்கொள்வது.

இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா றோசாலியாவின் மலைக்குச் செருப்பில்லாமல் ஏறி, உங்களுக்கும் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் உங்கள் எஞ்சின் பட்டறைக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். நான் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆடியில் இவரை மண்ணுக்குக் கொடுத்த நாள் முதல் அந்தச் சொல்லை எழுதக் கை வருகுதில்லை. இப்போது அதோடு இன்னொரு பயமும் பிடித்திருக்கிறது. அண்ணை, நான் ஒரு துவக்கைப் பழுதாக்கிப் போட்டேன்.

உங்கள் மச்சான் ஸ்ரீபன் வேலை செய்த வீட்டுக் கிழவர் சிஞ்ஞோர் கலோஜெரோவுக்கு வேட்டைப் பைத்தியம் என்று முந்தியே எழுதியிருக்கிறேன். முயலும் காட்டுப்புறாவும் சுடுவார், அது இல்லாத நாட்களில் களிமண் தட்டு. நல்ல தட்டை மெசினால் ஆகாயத்துக்கு எறிந்து சுட்டு உடைப்பார்கள், உடைந்தால் கை தட்டுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்குச் சட்டம் இடம் தராது, இந்த ஊரில் துவக்குக்கும் விரதம் உண்டு. அவருடையது செமி-ஓட்டோமாற்றிக். ஒரு வெடி வைத்தால் அந்த உதையிலேயே வெடித்த தோட்டாவின் வெறுங்கோது வெளியே பாய்ந்து அடுத்த தோட்டா தானாக உள்ளே வந்து நிற்கும். மூன்று வெடி. நடுவில் சிக்காமல் இருக்க வேண்டுமென்றால் உள்ளே கரி பிடிக்க விடாமல் துடைக்க வேண்டும், அது இவருடைய வேலை. இவர் போன பிறகு கிழவர் என்னைக் கூப்பிட்டு, “யோசப்பினா, ஸ்ரீபன் செய்தது உனக்குத் தெரியும்தானே?” என்று கேட்டார். நான் ஓம் என்றேன். துவக்கைக் கண்டாலே விலகி ஓடுகிறவள் ஏன் ஓம் என்றாள் என்று கேட்பீர்கள். அந்த வேலையோடுதான் இவர் கண்மூடிய இந்தக் கீழ் அறை. அந்த வேலையோடுதான் என்னை இங்கே இருக்க விடுகிற பெர்மெஸ்ஸோ என்கிற அனுமதிக் கடதாசி. வேலை போனால் இரண்டும் போய்விடும்.

இவர் என்ன எண்ணெய் போட்டார் என்று எனக்குத் தெரியாது. துவக்குத் துடைத்துவிட்டு வருகிற நாட்களில் கையில் தேங்காயெண்ணெய் மணக்கும், அது மட்டும் தெரியும். அப்படியென்றால் அதுதான் என்று நினைத்து, வியா மக்வேதா தெருவுக்குப் பின்னாலே இருக்கிற எங்கடை ஆட்களின் கடையில் ஒரு போத்தல் வாங்கி, குறை வைக்கக்கூடாது என்று தாராளமாக ஊற்றினேன். புரட்டாதியில் துவக்கு வழுக்கிக்கொண்டு வேலை செய்தது. கிழவர் என் கையைப் பிடித்துக் கொஞ்சினார்.

போன ஞாயிறு பூசை முடிய, மலைப்பக்கத்தில் தட்டுச் சுடுகிற வெளிக்குக் கோட்டுத் தூக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பல்லுக் கிடுகிடுக்கிற குளிர். முதல் வெடி கேட்டதும் நான் குப்புறப் படுத்துவிட்டேன், சண்டைக்குள்ளே கிடந்து வந்த எங்களுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமில்லையே. கிழவரின் கூட்டாளி நூன்சியோ என்கிற சட்டத்தரணி வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டாவது தட்டு எழும்பியது. கிழவர் அழுத்தினார். ஒன்றுமில்லை. வெறுங்கோது பாதி வெளியே பாதி உள்ளே, கோவித்துக்கொண்டு வாசலில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நின்றது. கிழவர் அதை உலுப்பிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார், அவ்வளவுதான், அத்தனை கனவான்களும் நல்ல கோட்டோடு சேற்றுக்குள்ளே. நூன்சியோ பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தார். “அதையும் கீழை பதியுங்கோ சிஞ்ஞோரே, அதிலைதான் முதல் வெடி படும்,” என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொல்லிக்கொடுத்தேன்.

எழும்பிச் சேற்றைத் தட்டிக்கொண்டு நூன்சியோ தொடங்கினார். “உன்ரை துவக்கு மூண்டு தாறன் எண்டு சொல்லிப்போட்டு ஒண்டோடை நித்திரையாப் போகுது. என்ரை இரட்டைக்குழல் ரண்டெண்டால் ரண்டுதான். அதுவும் என்ரை மனுசியும் ஒருநாளும் நடுவிலை நிண்டதில்லை.”

“உன்ரை மனுசி கதையை நிப்பாட்டினால்தானே,” என்றார் கிழவர். ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. திரும்பி வரும்போது காரில் சொல்கிறார், “மார்கழி நத்தார் முடிய இதைக் குடுத்திட்டு நானும் இரட்டைக்குழல் வாங்கப்போறன். இதை இனி என்னாலை தோளிலை வைக்கேலாது.”

இரட்டைக்குழலுக்குத் துணியை விட்டு ஒரு இழுவை இழுத்தால் துப்புரவு, அதற்கு ஆள் எதற்கு? எனக்கு வந்த வாயைப் பாருங்கோ அண்ணை. “சிஞ்ஞோரே, செமி-ஓட்டோமாற்றிக்கைப்போல நம்பிக்கையான துவக்கு உலகத்திலை இல்லை. ஆள் செத்த வீட்டிலை எல்லாச் சாமானும் கொஞ்சக்காலம் இடக்குப் பண்ணும், என்ரை மணிக்கூடும் நிண்டுபோச்சு,” என்று சத்தியம் பண்ணாத குறை. பிறகு நேற்று விடிய, தலைக்கு வைக்கப் போத்தலைக் கவிழ்க்கிறேன், எண்ணெய் வரவில்லை. குளிருக்கு மெழுகுபோல வெள்ளையாய் உறைந்து கிடக்கிறது. அப்போதுதான் துவக்கின் வயிற்றுக்குள்ளே என்ன கிடக்கிறது என்று எனக்கு விளங்கியது.

நீங்கள் போட் எஞ்சினோடு சீவிக்கிறவர், இவரும் உங்களிடம்தான் தொழில் பழகினவர். இவர் என்ன எண்ணெய் போட்டிருப்பார்? உறைந்ததை எதைக்கொண்டு கழுவ? அடுப்பில் சூடு காட்டலாமோ? உள்ளே ஒரு தோட்டா கிடந்தால் நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? கிழவர் குழலுக்குள்ளே கண்ணை விட்டுப் பார்க்கிற ஆள், அவருக்கு ஏதும் நடந்தால் நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? நத்தாருக்கு முன் ஒரு வரியாவது எழுதிப் போடுங்கோ.

மச்சாளின் முழங்கால் நோவை மாதா தன் கையால் தடவி விடட்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு கன்னத்தைக் காட்டி அத்தையின் கொஞ்சலை வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் செபத்தை நம்பியிருக்கிற தங்கை,
யோசப்பின் ஸ்ரீபன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டுச் செலஸ்ரீனாவிடம் எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்தேன். “அக்கா, உனக்கென்ன விசரே? மன்னாருக்குப் போற கடிதத்தை ஆமி பிரிச்சுப் பாப்பானெல்லே. வரிக்கு வரி துவக்கெண்டு எழுதி, எப்பிடிக் கழுவுறதெண்டும் கேட்டிருக்கிறாய். அண்ணைக்குப் பட்டறை வேறை. அந்த மனுசனை விட்டு வைப்பாங்களே?” என்றாள். உங்களைக் கேட்க வழியில்லாமல் நேரே மாடிக்குப் போய்க் கிழவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் துவக்கை எடுத்துக் கன்னத்தில் வைத்து மணந்து பார்த்தார். “சிக்கினது பெரிசில்லை, யோசப்பினா. கன்னத்திலை வைக்கேக்கையெல்லாம் ஸ்ரீபன் பக்கத்திலை நிக்கிற மாதிரி மணந்தது. எனக்கு மூளை பிசகிப்போச்செண்டு பயந்துதான் குடுக்க நினைச்சன்,” என்றார். மண்ணெண்ணெயில் துடைத்துக் கை வெடிக்கும் என்று, இவர் தன் கைக்குத்தான் தேங்காயெண்ணெய் பூசினவராம். துவக்குக்குப் போட்டது வேறு எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு. கிழவர் என்னை இருத்திக் கழுவிக் காட்டித் தந்தார். துவக்கை இனிக் கொடுக்கமாட்டாராம். துவக்கும் நிற்கிறது, நானும் நிற்கிறேன். மரப்பிடிக்கு மட்டும் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம்.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடப்போகிறேன். உங்களுக்கு வேறாக ஒரு தபால் காட் வரும். அதில், “நான் சுகம், தையல் மெசின் ஒழுங்காக ஓடுகிறது” என்று மட்டும் இருக்கும். உனக்கு ஏது தையல் மெசின் என்று பதிலில் கேட்டுவிடாதேங்கோ.